முப்பது முடிந்தால் வழி திறக்குமா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தின் வடக்கே, நாலாபுறமும் செம்பனைத் தோட்டம் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து 29 வயதுப் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். கையால் எழுதிய நீண்ட கடிதம். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டுக்கு மூத்தவர். அப்பா ஒரு காலத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த பிறகு, ஒரு தொழிற்சாலையில் ஜாகா (காவல்) வேலை பார்க்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் முற்றி, சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தம்பிக்கு 25 வயது. கார் பட்டறையில் வேலை, வீட்டிலேதான் இருக்கிறார்.

இவர் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம். படிப்பைப் பாதியில் நிறுத்தியவர். எட்டு ஆண்டுகளாகச் செம்பனை ஆலையில், குலை ஏற்றி வரும் லோரிகளை எடைபோடும் இடத்தில் கிராணி (எழுத்தர்). சம்பளம் 2,100 வெள்ளி (ரிங்கிட்). அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் தேவார வகுப்பு எடுக்கிறார். அம்மா படுத்ததிலிருந்து பாடும்போது மனம் ஒட்டவில்லை, வாய் மட்டும் பாடுகிறது என்கிறார். பள்ளித் தோழர் ஒருவரோடு நான்கு ஆண்டுப் பழக்கம். அவர் கத்தோலிக்கத் தமிழர், சிங்கப்பூர் எல்லையிலுள்ள ஜொகூர் பாருவில் ஏர்கோன் டெக்னீசியன். இந்த ஆண்டுக்குள் பதில் சொல் என்கிறார். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. இதற்கிடையே சிங்கப்பூர்ச் சேமிப்புக் கிடங்கு ஒன்றில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட், மாதக் கடைசிக்குள் 6,000 வெள்ளி கேட்கிறார்.

போன ஆண்டுத் திருவிழாவில் அருள் வந்து ஆடிய பெரியவர், “முப்பது முடியட்டும் தாயி, வழி தானா திறக்கும்” என்றாராம். இன்னும் சில மாதங்களில் முப்பது. “வேலையை விட்டால் அம்மா கதி என்ன? அம்மாவை விட்டால் பாவம். பாவம் என்றால் சாமி. சாமி என்றால் அவர் வேறு மதம். எதைத் தொட்டாலும் இன்னொன்று ஆடுகிறது. என் வழி எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்று கேட்கிறார்.

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கேள்விக்குப் போகுமுன் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டும். அம்மாவின் மருந்துச் செலவை எழுதிக்கொண்டே வரும்போது, “சில நாள் பொழுது விடியாமலே இருந்தால் தேவலைபோல இருக்கிறது” என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தம்பியின் மோட்டார் சைக்கிள் தவணைக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போக மாட்டேன். அது வெறும் அலுப்பா, அல்லது உயிரை முடித்துக்கொள்ளும் நினைப்பு உள்ளே எங்காவது இருக்கிறதா? உங்களையே நேராகக் கேட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சமாவது ‘ஆம்’ என்று பதில் வந்தால், இந்தப் பதிலின் மீதியைப் பிறகு படிக்கலாம். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பிஃப்ரண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. உடனடி ஆபத்து என்றால் 999. பெயர் சொல்லாமலும் பேசலாம்.

‘ஆம்’ இல்லையென்றாலும், இரவில் நாலைந்து மணி நேரத் தூக்கம், சாப்பாட்டில் ருசியில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இது மாதக்கணக்கில் நடக்கிறது. உங்கள் பட்டணத்து அரசு சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குச் சீட்டெடுத்து, “மனநலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்” என்று கேளுங்கள். ஒரு கேள்வித்தாள் தருவார்கள், பிறகு மருத்துவர் பேசுவார். தேவைப்பட்டால் மெந்தாரி என்ற சமூக மனநல மையத்துக்கு அனுப்புவார்கள். தனியாரிடம் போவதானால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். அப்படிக் கேட்பதை எந்த நல்ல ஆலோசகரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தூக்கம் கெட்ட மனத்துக்கு எல்லா வாசலும் சாத்தியிருப்பதாகத்தான் தெரியும். அந்த நிலையில் வேலை, கல்யாணம், சாமி மூன்றையும் பற்றி ஒரே மூச்சில் முடிவெடுக்கக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. அருள்வாக்குச் சொன்ன பெரியவரை நான் குறைசொல்லப் போவதில்லை. அந்த வாக்கு உங்களுக்கு ஓர் ஆண்டைக் கடக்கத் தெம்பு தந்திருக்கிறது. ஆனால் அதை ஒரு தேதியாக எடுத்துக்கொண்டு விட்டீர்கள். முப்பது பிறந்தால் எல்லாம் ஒன்றாகத் தெளியும், அதுவரை எதையும் தொடக் கூடாது என்று இருக்கிறீர்கள். நான்கு கேள்விகளையும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டது இந்தக் காத்திருப்புதான். தனித்தனியே பாருங்கள். ஏஜெண்டின் கேள்விக்கு மாதக் கடைசி கெடு. உங்கள் தோழரின் கேள்விக்கு இந்த ஆண்டு. அம்மாவின் தேவைக்கு முடிவுத் தேதியே இல்லை, அது நாளைக் காலையும் இருக்கும். சாமியைப் பற்றிய கேள்விக்கு எந்தக் கெடுவும் இல்லை. முதலில் அம்மாவின் ஏற்பாட்டைத் தொடுங்கள். அது நகர்ந்தால் மற்றவை தானாக இடம் விடும்.

அம்மாவின் மூன்று நாள்

செவ்வாய், வியாழன், சனி. ஐந்து மணிக்கு எழுந்து அம்மாவைக் குளிப்பாட்டி, மையத்தில் இறக்கிவிட்டு ஆலைக்கு ஓடுகிறீர்கள். நான்கு மணி நேர டயாலிசிஸ் முடியும்போது, மேலாளர் முகம் சுளிக்க வெளியே வந்து ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுகிறீர்கள். தீர்ந்துபோன வருடாந்திர விடுப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். தம்பியைப் பற்றி எழுதியது: “ஆம்பளப் பிள்ளை, அவனுக்கு இதெல்லாம் வராது.”

கார் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு அம்மாவைக் காரில் ஏற்றி இறக்க வராதா? அவர் செய்யாதிருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: யாரும் அவரிடம் தெளிவாகக் கேட்டதில்லை. மூத்த பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் கேட்க மாட்டார்கள். முணுமுணுப்பார்கள், அப்புறம் தாங்களே செய்துவிடுவார்கள். என்னிடம் வரும் பல குடும்பங்களில் இதைப் பார்க்கிறேன். பொதுவாக “நீயும் கொஞ்சம் பாத்துக்கயேன்” என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “தம்பி, அடுத்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை அம்மா உன் பொறுப்பு. காலையில எத்தனை மணிக்குப் போகணும், நர்ஸ்கிட்ட என்ன சொல்லணும், எவ்வளவு தண்ணி குடிக்கலாம் எல்லாம் எழுதி ஐஸ்பெட்டி மேல ஒட்டிட்டேன். உன் முதலாளிகிட்ட இந்த வாரமே பேசிடு.” முதல் வியாழக்கிழமை ஏதாவது தப்பு நடக்கும். தலையணையை மறப்பார், நேரத்துக்குப் போக மாட்டார். அன்று நீங்கள் போய் நிற்கக் கூடாது. அம்மா உங்களைத்தான் கேட்பார், அதையும் தாங்கிக்கொள்ள வேண்டும்.

மேலாளரின் தயவில் வெளியே போய்வருவதையும் எழுத்தில் கொண்டுவாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் திருத்தத்தின்படி, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ் வேலை நேரம், வேலை நாள், வேலை செய்யும் இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் “ஏம்மா அடிக்கடி வெளிய போற?” என்ற பேச்சு ஒரு கோப்பாக மாறும்போது உங்கள் நிலை பலப்படும். செவ்வாய், சனிக்கு மட்டும் கேளுங்கள். சனிக்கிழமைக்கு அப்பாவின் ஷிப்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

செலவைப் பற்றி: அம்மா பார்க்கும் அரசு மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கும். டயாலிசிஸ் உதவிக்கு எங்கெங்கே மனுப் போடலாம் என்று அங்கே கேளுங்கள். தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அம்மாவுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி) பிடித்திருந்தால், பழைய அடையாள அட்டை எண்ணோடும் கிடைக்கிற சம்பளச் சீட்டுகளோடும் சொக்சோ அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். வயதும் சந்தாக் கணக்கும் பொருந்தினால்தான் கிடைக்கும். ஆனால் கேட்காமலே “நமக்கெல்லாம் வராது” என்று விட்டுவிட்ட குடும்பங்கள் தோட்டப்புறத்தில் ஏராளம்.

சிங்கப்பூர்

கெடு வைத்துப் பணம் கேட்கும் ஏஜெண்டுக்கு என் பதில் சுருக்கம்: இப்போது கொடுக்காதீர்கள். வேலை ஒப்பந்தம் எழுத்தில் வரவேண்டும். சம்பளத்தைக் குறிப்பிட்டு சிங்கப்பூர் மனிதவள அமைச்சு தரும் கொள்கையளவு அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஏஜெண்ட் உரிமம் பெற்றவரா என்பதை அந்த அமைச்சின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அங்கே உரிமம் பெற்ற ஏஜென்சி ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. வாட்ஸ்அப்பில் மட்டும் பேசி, ரசீது கேட்டால் “நம்பிக்கை இல்லையா?” என்பவரிடம் வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

இந்த 6,000 வெள்ளியை இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியின் வளைந்துகொடுக்கும் கணக்கிலிருந்து எடுக்க நினைக்கிறீர்கள். 2024 மே மாதம் வந்த அந்தக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் மாதச் சந்தாவில் 10 விழுக்காடு மட்டுமே அதில் சேர்கிறது. நீங்கள் எடுக்க நினைப்பது நீண்ட நாள் சேர்ந்தது.

சம்பளக் கணக்கும் நீங்கள் போட்டதுபோல இல்லை. சிங்கப்பூர் வெள்ளியை மூன்றால் பெருக்கிப் பார்த்திருக்கிறீர்கள். இங்கே உங்கள் சம்பளத்தில் நீங்கள் 11 விழுக்காடும் கம்பெனி 13 விழுக்காடும் போட, மாதம் சுமார் 500 வெள்ளி இ.பி.எஃபில் விழுகிறது. சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் போகிறவருக்கு அந்த நாட்டுச் சேமநிதி கிடையாது. நீங்களாக இங்கே விருப்பச் சந்தா கட்டினால்தான் உண்டு. ஜொகூர் பாருவில் அறை வாடகை, சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்க விடியுமுன் எழுவது, வாரம் ஒருமுறை ஊருக்கு வரும் செலவு எல்லாம் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் மிச்சம் பெரிதாக இருக்கலாம். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போய் வீடு கட்டியிருக்கிறார்கள். ஆனால் கடிதத்தில் சிங்கப்பூரைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் இங்கிருந்து தப்பிப்பதைப் பற்றித்தான். அங்கே என்ன வேலை என்பதைக்கூட ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

இங்கே வேலையை உடனே விடுவதானால் இரண்டு விஷயம். ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர், ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லையென்றால், எட்டு வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீங்களாக விலகினால் வேலைக் காப்புறுதித் திட்டத்தின் உதவித்தொகையும் கிடைக்காது. அது வேலை இழந்தவர்களுக்கானது.

நீங்கள் சும்மா செய்வதாகச் சொன்னது

கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த பகுதி இது. நீங்களோ மன்னிப்புக் கேட்கிற தொனியில் எழுதியிருக்கிறீர்கள். காண்ட்ராக்டரிடம் குலை வெட்டும் ஒரு நேப்பாளத் தொழிலாளிக்கு அரிவாள் பட்டு விரல் போனது. காண்ட்ராக்டர் கிளினிக்கில் கட்டுப் போட்டுவிட்டு அனுப்பிவிட்டார். எடைபோட வந்த லோரி டிரைவர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் மதிய சாப்பாட்டு நேரத்தில் சொக்சோவுக்குப் போன் போட்டு, வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலைவிபத்துப் பாதுகாப்பு உண்டு என்று தெரிந்துகொண்டு, காண்ட்ராக்டரிடம் விடாமல் நச்சரித்து, பாரத்தை நீங்களே நிரப்பி, அவருக்குத் தற்காலிக இயலாமைப் பணம் வரும்வரை பின்தொடர்ந்தீர்கள். அதன் பிறகு சம்பளச் சீட்டு புரியாதவர், இ.பி.எஃப். பெயர் தப்பாக இருப்பவர், கணவரை இழந்த பெண் என்று எல்லாரும் எடைபோடும் இடத்துச் சன்னலில் வந்து நிற்கிறார்களாம். “வேலைக்கு நடுவில் சும்மா செய்வது, பெரிய கிராணி திட்டுவார்” என்று முடித்துவிட்டீர்கள்.

தங்கையே, கடிதம் முழுவதும் உங்கள் கையெழுத்து சோர்ந்து கிடக்கிறது. இந்த ஒரு பக்கத்தில் மட்டும் தேதி இருக்கிறது, பெயர் இருக்கிறது, கோபம் இருக்கிறது. வழி எது என்று கேட்டீர்களே, இதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். நீங்கள் சொன்ன 2019ஆம் ஆண்டு மாற்றம் சரிதான். அந்த ஆண்டு ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோ வேலைவிபத்துத் திட்டத்துக்குள் வந்தார்கள். விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமல் நீங்களே படித்துக்கொண்டீர்கள்.

இதற்கு வேலை உலகத்தில் இடமும் இருக்கிறது. தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பிலிருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி வைக்கவேண்டிய கட்டாயமில்லாத இடங்களிலும், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமித்துப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். உங்கள் ஆலைக்குக் குலை கொண்டுவரும் காண்ட்ராக்டர்களில் எத்தனை பேர் அப்படி நியமித்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். உங்கள் மேலாளரிடம், “என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்” என்று கேளுங்கள். மனிதவள மேம்பாட்டு லெவி கட்டும் கம்பெனியாக இருந்தால் பயிற்சிச் செலவை அதிலிருந்தே கோரலாம்.

எஸ்.டி.பி.எம். முடிக்காததால் மேல்படிப்பு வாசல் மூடிவிட்டது என்று எழுதியிருப்பது தவறு. ஏப்பல் என்ற முறையில், வேலை அனுபவத்தைத் தகுதியாக எடுத்துக்கொண்டு டிப்ளோமாவுக்கு 20 வயதிலும், இளங்கலைப் பட்டத்துக்கு 21 வயதிலும் இடம் தருகிறார்கள். ஒரு தேர்வு எழுதி, அனுபவக் கோப்பு ஒன்றைச் சமர்ப்பிக்க வேண்டும். ஓப்பன் யுனிவர்சிட்டி மலேசியா, வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை வேலை செய்பவர்களுக்காகவே நடக்கின்றன. மனிதவளம், தொழிலிடப் பாதுகாப்பு என்று பாடத்தைத் தேடுங்கள். டிப்ளோமாவும் அதற்கு மேலும் படிக்க இ.பி.எஃபில் கல்விக்கென்றே பணம் எடுக்க வழி இருக்கிறது. ஏஜெண்டுக்குக் கொடுக்க நினைத்த பணத்தின் அளவை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டண அட்டவணையைப் பாருங்கள்.

எட்டு ஆண்டு ஒரே சன்னலில் உட்கார்ந்திருந்தேன், வளரவே இல்லை என்கிறீர்கள். அந்தச் சன்னலில் நீங்கள் கற்றது மற்ற கிராணிகளுக்குத் தெரியாது.

அவரும் மதமும்

மதம் மாறவேண்டுமோ, அப்பாவின் கையெழுத்து வேண்டுமோ என்று சட்டத்தைப் பற்றிய உங்கள் இரண்டு பயங்களும் ஆதாரமில்லாதவை. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் வருகிறது. இந்துவும் கிறிஸ்தவரும் பதிவுத் திருமணம் செய்ய யாரும் மதம் மாறத் தேவையில்லை. அப்பாவின் எழுத்துபூர்வமான சம்மதம் 21 வயது நிரம்பாதவர்களுக்குத்தான் வேண்டும். தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்து, அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்ட பிறகு திருமணம் நடக்கும். இன்னொன்று: தோட்டத்துப் பெரியவர்கள் சிலர், கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதும், பதிவை அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். போதாது. அந்தச் சட்டம் நடப்புக்கு வந்த 1982 மார்ச் 1 முதல் திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு இல்லையென்றால், உங்கள் சொத்துரிமையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் அதில் சிக்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையும், ஆயரின் விலக்கு அனுமதி பெற்று, மதம் மாறாதவரோடு திருமணம் நடத்துகிறது. அதற்கு அவர் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று. அந்த வாக்கு உங்களுக்கும் தெரிவிக்கப்படும். நான்கு ஆண்டுப் பழக்கத்தில் இதைப் பற்றிப் பேசியதாகக் கடிதத்தில் இல்லை. “அவர் மாறச் சொல்லவில்லை, அவர் அம்மாதான் கேட்கிறார்” என்று மட்டும் இருக்கிறது. பிள்ளைகள், பெயர் வைப்பது, உங்கள் வீட்டு விளக்கு, அவர் வீட்டு ஜெபம், உங்கள் அம்மாவின் டயாலிசிஸ் செலவில் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் பங்கு, எந்த ஊரில் குடியிருப்பது: இவற்றை அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். “நீ என்ன சொன்னாலும் சரி” என்று அவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவருடைய அம்மாவிடம் இதையெல்லாம் யார் பேசுவது, எப்போது பேசுவது என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில் நான்கு ஆண்டில் தெரியாத பலது தெரிந்துவிடும்.

சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. அப்பாவை அது சமாதானப்படுத்தாது. அதனால் அப்பாவிடம் சொல்லுமுன் பதிவிலாகாவுக்குப் போகாதீர்கள். அவர் பேசாதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் நாலு பேர் நடுவே வேண்டாம், அவர் இரவு ஷிப்டு முடிந்து வரும் காலையிலும் வேண்டாம். தனியாக, “அப்பா, ஒருத்தரை நான் நாலு வருஷமா பழகுறேன். வேற மதம். உங்களுக்குத் தெரியாம எதுவும் செய்யல, செய்யவும் மாட்டேன். ஆனா எனக்கு அவரப் பிடிச்சிருக்கு” என்று சொல்லுங்கள். அன்றைக்கே பதில் கேட்காதீர்கள். அவர் ஒரு மாதம் பேசாமலும் இருக்கலாம், கடினமான மாதமாக இருக்கும். அப்பா மறுத்து, அடிதடி மிரட்டல் என்று போனால் அது வேறு விஷயம். அப்போது தாலியான் காசே என்ற அரசு உதவி எண்ணான 15999ஐ அழையுங்கள். கடிதத்தைப் படித்தவரை உங்கள் அப்பா அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

கடைசியில் பின்குறிப்பாகக் கேட்டிருந்தீர்கள்: “நம்பிக்கை இல்லாமல் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தருவது சாமிக்கு முன்னால் பொய் சொல்வதாகாதா?”

நம்பிக்கை போய்விட்டது என்ற முடிவுக்கு இவ்வளவு சீக்கிரம் வராதீர்கள். உங்கள் அப்பாவைக் கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டவேண்டிய மரத்தை ஓய்வே கொடுக்காமல் வெட்டினால் பட்டை வறண்டு பால் நின்றுவிடும். அந்த மரத்தைச் செத்த மரம் என்று யாரும் எழுத மாட்டார்கள், கத்தி வைக்காமல் விடுவார்கள். நீங்கள் அம்மாவுக்கு, வீட்டுக்கு, ஆலைக்கு, சன்னலில் நிற்பவர்களுக்கு என்று வாரத்தின் ஏழு நாளும் கொடுத்துவிட்டு, பாட உட்காரும்போது ஒன்றும் சுரக்கவில்லை என்று உங்களையே குற்றவாளியாக்குகிறீர்கள். இதற்குள் வேற்று மதத்தவரை விரும்பியதற்கான தண்டனையோ இது என்ற பயமும் கலந்திருக்கிறது. அம்மாவின் சிறுநீரகம் பழுதானது பல ஆண்டுச் சர்க்கரை நோயால். உங்கள் மனம் யாரிடம் போனது என்பதால் அல்ல.

கோயில் தலைவரிடம் மூன்று மாத விடுப்புக் கேளுங்கள். காரணமாக அம்மாவின் உடல்நிலையைச் சொன்னால் போதும், அது உண்மையும்கூட. பெரிய பிள்ளைகளில் பண்ணோடு பாடத் தெரிந்த ஒருத்தியைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம், “அக்கா கொஞ்ச நாள் வரமாட்டேன், நீங்க பாடுங்க” என்றால் அதில் பொய் எதுவும் இல்லை. அந்த மூன்று மாதமும் கோயிலுக்குப் போகத் தோன்றினால் போங்கள். பின்வரிசையில், யாருக்கும் எதையும் சொல்லித்தராமல் உட்கார்ந்திருங்கள். போகத் தோன்றாத ஞாயிற்றுக்கிழமையில் தூங்குங்கள். மூன்று மாதம் கழித்து வகுப்புக்குத் திரும்புவதா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்தால் போதும்.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை: கிளினிக், தம்பி, ஏஜெண்டுக்கு ‘இப்போது இல்லை’ என்ற பதில். அப்பாவிடம் பேசுவது தூக்கம் கொஞ்சம் திரும்பிய பிறகு.